நாற்பதுக்கு ஒன்று குறைவு

கல்வி உளவியல் ஆய்வு பெரும்பாலும் ஒரு தவறான விடையிலிருந்து தொடங்குகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 52இலிருந்து 28ஐக் கழித்து 36 என்று எழுதுகிறது. நாற்பது தாள் திருத்த வேண்டிய ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போவார். அவருக்கு வேறு வழியில்லை. ஆய்வாளருக்கு அந்த 36தான் வேலை. இரண்டிலிருந்து எட்டு போகாது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே எட்டிலிருந்து இரண்டைக் கழித்தது. பத்துகளில் ஐந்திலிருந்து இரண்டைக் கழித்தது. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண் போகும் என்று முதல் வகுப்பில் சொன்ன விதியை அது ஒவ்வோர் இடத்திலும் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறது. கவனக்குறைவு என்று இதற்குப் பெயர் வைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய பிழைகளைத் திரட்டி, பிள்ளைகளின் தவறுகளில் பல, கணினி நிரலில் ஒளிந்திருக்கும் கோளாறுபோல ஒழுங்கானவை என்று காட்டினார்கள். அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே பாரிஸில் ஓர் இளைஞர் இதே இடத்தில் நின்றிருந்தார். ஆங்கில உளவியலாளர் சிரில் பர்ட்டின் தேர்வுகளைப் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஏற்ப அளவுப்படுத்தும் பணி ஜான் பியாஜேயிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்று எண்ணுவதே வேலை. அவரோ தவறாகச் சொன்ன பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். குழந்தையின் சிந்தனை வளர்ச்சி பற்றி அவர் பின்னாளில் எழுதியவற்றுக்கெல்லாம் விதை அந்தப் பேச்சில் விழுந்தது.

இந்த ஆய்வுத் தொழில் இந்தியாவில் எப்படி நடக்கிறது என்பதை அறிய, கொல்கத்தாவின் பவானிபூரை எடுத்துக்கொள்வது பொருந்தும். தென் கொல்கத்தாவின் பழைய குடியிருப்புப் பகுதி இது. நடுவே ஆசுதோஷ் முகர்ஜி சாலை. அதன் அடியில் மெட்ரோ. 1984 அக்டோபர் 24 அன்று இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் எஸ்பிளனேடிலிருந்து இங்கேதான் வந்து நின்றது. அன்று பவானிபூர் என்றிருந்த நிலையம் இன்று நேதாஜி பவன். வங்காளிகளோடு குஜராத்தியரும் பஞ்சாபியரும் மார்வாடியரும் தலைமுறைகளாக வாழும் இடம். தெற்கே சற்றுத் தொலைவில் தமிழர்கள் வேரூன்றிய லேக் மார்க்கெட். ஒரே தெருவில் வங்காளி மீடியம், இந்தி மீடியம், இங்கிலீஷ் மீடியம் என்று மூன்று வகைப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் புறப்படுவதைக் காலையில் பார்க்கலாம். மொழிக்கும் கற்றலுக்கும் உள்ள உறவை ஆராய விரும்புகிறவருக்கு இது வாய்ப்பான இடம்.

சாலைக்குப் பெயர் தந்த ஆசுதோஷ் முகர்ஜி பவானிபூர்க்காரர். 1906 முதல் 1914 வரையும், பிறகு 1921 முதல் 1923 வரையும் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். கணக்குத் துறை அதிகாரியாக இருந்த சி.வி. ராமன் 1917இல் பாலித் பேராசிரியர் பொறுப்பேற்றதும், திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1921இல் தத்துவப் பேராசிரியராக வந்ததும் அவருடைய முயற்சியால். இந்திய உளவியலின் தொடக்கமும் அதே காலத்தில்தான். பிரஜேந்திரநாத் சீல் 1905இல் சோதனை உளவியலுக்குப் பாடத்திட்டம் வகுத்தார். 1915–16இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் உளவியல் துறை உருவாயிற்று. ஹார்வர்டில் ஹியூகோ முன்ஸ்டர்பர்க்கிடம் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதன் பொறுப்பை ஏற்றார். மருத்துவரான கிரீந்திரசேகர் போஸ் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார்; ஃப்ராய்டுடன் நீண்ட காலம் கடிதத் தொடர்பில் இருந்த அவரும் பின்னாளில் இத்துறைக்குத் தலைமை தாங்கினார். ஆசுதோஷ் உறுப்பினராக இருந்த சாட்லர் ஆணையம் (1917–19), கல்கத்தாவிலும் டாக்காவிலும் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே கல்வித் துறை அமைக்கப் பரிந்துரைத்தது. குழந்தை எப்படிக் கற்கிறது என்ற கேள்வி பயிற்சிக் கல்லூரிகளோடு நின்றுவிடாமல் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய அது வழிசெய்தது.

ஆனால் நுழைந்த கேள்வி ஒரே கூரையின் கீழ் தங்கவில்லை. இன்று உளவியல் துறை வடக்கே ராஜாபஜார் அறிவியல் வளாகத்தில் இருக்கிறது. கல்வித் துறை பவானிபூருக்கு மேற்கே, ஆதி கங்கையைத் தாண்டி, அலிப்பூர் வளாகத்தில். ஆசிரியர் பயிற்சியோ 1908இல் தொடங்கிய டேவிட் ஹேர் பயிற்சிக் கல்லூரி இருக்கும் பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையில். மனத்தை அளப்பவர்கள், கல்வியை ஆராய்பவர்கள், ஆசிரியர்களை உருவாக்குபவர்கள் என மூன்று கூட்டத்தாரும் மூன்று திசைகளில் இருக்கிறார்கள். பவானிபூரில் அறை எடுத்துத் தங்கும் ஆய்வாளர் ஒரே வாரத்தில் மூன்று இடங்களுக்கும் போய்வர வேண்டியிருக்கும். நடை வீண்போவதில்லை; ஓரிடத்தில் கேட்ட கேள்விக்கு மற்றோரிடத்தில் விடை கிடைக்கும். அலிப்பூர் பக்கம் போனால் பெல்வெடியர் வளாகத்தின் தேசிய நூலகமும் உண்டு. ஆசுதோஷ் சேர்த்து வைத்த ஏறத்தாழ 80,000 நூல்களை அவர் குடும்பத்தார் 1949இல் அதற்குக் கொடுத்தனர். பவானிபூர் வீட்டு அலமாரிகளில் இருந்த நூல்களை ஆய்வாளர் இப்போது அங்கே உட்கார்ந்து படிக்கலாம்.

இத்தொழிலுக்குள் வரும் வழி நாடெங்கும் பெரும்பாலும் ஒன்றே. கல்வியிலோ உளவியலிலோ முதுகலை. பிறகு 1989 முதல் நடந்துவரும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய்; இவை 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த தொகைகள். 2022இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தின, முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள் என்று வரையறுத்தன. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அப்போது நீங்கியது. அது நல்ல முடிவு. அந்தக் கட்டாயத்தால் பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களுக்குப் போன மாணவர் பலர்.

தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் கட்டம்தான் பின்வரும் ஆண்டுகளின் தலையெழுத்தை எழுதுகிறது. இந்தியக் கல்வி உளவியல் ஆய்வேடுகளில் பெரும்பகுதி ஒரே அச்சில் வார்த்தவை: தன்னம்பிக்கைக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு, படிப்புப் பழக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு, வீட்டுச் சூழலுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு. அச்சான இரண்டு அளவுகோல்களை வாங்கி, ஒரு வகுப்பையே உட்காரவைத்து நிரப்பச் சொல்லி, கணினியில் ஏற்றி, இணைவுக் கெழு 0.30 என்று கண்டு, தொடர்பு உண்டு என்று முடிப்பார்கள். 0.30 என்பது மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் 9 விழுக்காட்டை மட்டுமே விளக்குகிறது. மீதி 91 விழுக்காட்டில் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை இருக்கிறது. குறை மாணவருடையது என்று சொல்வதற்கில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் முடித்தாக வேண்டும். நெறியாளருக்கும் அந்த வழி பழகியது. பள்ளிகள் கொடுப்பது ஒரு பாடவேளை. ஒரு பாடவேளைக்குள் அடங்கும் ஆய்வு எதுவோ அதுவே நடக்கிறது.

அளவுகோலைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தொழிலின் நேர்மை அங்கேதான் சோதிக்கப்படுகிறது. பாரிஸில் பிறந்த பினே நுண்ணறிவுத் தேர்வு, இந்தியாவுக்கு வந்த காலத்திலிருந்தே மொழி மாற வேண்டியிருந்தது. வி.வி. காமத் அதை மராத்திக்கும் கன்னடத்துக்கும் ஏற்பத் திருத்தி, இந்தியக் குழந்தைகளின் நுண்ணறிவை அளப்பது பற்றி 1940இல் நூல் வெளியிட்டார். சி.எம். பாட்டியா, எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் உதவும்படி கட்டைகள், உருவங்கள் கொண்ட செயல் தேர்வுத் தொகுதியை 1955இல் தந்தார். நாக்பூரில் ஏ.ஜே. மாலின் வெக்ஸ்லர் நுண்ணறிவு அளவுகோலை 1969இல் இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்பச் செய்தார். இவையெல்லாம் பெரும் உழைப்பு. ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு நகரத்துப் பிள்ளைகளை வைத்து வகுத்த சராசரி, இன்று வேறொரு நகரத்துப் பிள்ளையின் தலையில் எண்ணாக இறங்கும்போது அந்த எண்ணை நம்பக் கூடாது. குடும்பத்தின் பொருளாதார நிலையை அளக்கப் பயன்படும் குப்புசாமி அளவுகோலில் வருமானப் பகுதியை விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப அடிக்கடி திருத்துகிறார்கள். மனத்தை அளக்கும் கருவிகளுக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை.

வினாக்களை மொழிபெயர்ப்பதற்கு ஒரு நடைமுறை உண்டு. இருமொழி அறிந்த ஒருவர் வங்காளியில் ஆக்குவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் ஆக்குவார். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவார்கள். பின் சில பிள்ளைகளிடம் கொடுத்து, ஒவ்வொரு வினாவும் அவர்களுக்கு என்னவாகப் புரிந்தது என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் தாண்டிக் குதிக்கிறார்கள். தமிழ் பேசும் ஆய்வாளர் கொல்கத்தாவில் முதலில் தடுமாறுவது முன்னிலைச் சொல்லில். தமிழில் நீ, நீங்கள் என்ற இரண்டு போதும். வங்காளியில் ஆப்னி, துமி, துய் என்று மூன்று. வினாத்தாள் பிள்ளையை எப்படி அழைப்பது? ஆப்னி என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கு யாரையோ கேட்பதுபோல் இருக்கும். துய் என்பதில் நெருக்கமும் உண்டு, அதட்டலும் உண்டு. முன்பின் தெரியாதவர் அச்சில் அப்படிச் சொன்னால் அதட்டலே கேட்கும். துமிதான் பொருந்தும். இந்த ஒரு சொல் மாறினால் தேர்வு அச்சம் பற்றிய தாளில் விடைகளும் மாறும்.

அச்சம் என்ற சொல்லிலும் இதே சிக்கல். ஆங்கில அளவுகோல் கவலையையும் சோர்வையும் பயத்தையும் வேறுவேறாகப் பிரித்துக் கேட்கிறது. வங்காளிப் பிள்ளை மொன் காராப் என்கிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் மனம் கெட்டுவிட்டது. தமிழில் மனசு சரியில்லை என்பதற்கு நெருக்கமானது. மழை பெய்து விளையாட்டு நின்றாலும் மொன் காராப், பாட்டி இறந்தாலும் மொன் காராப். தேர்வைப் பற்றிக் கேட்டால் அதே பிள்ளை டென்ஷன் என்ற சொல்லுக்குத் தாவும். பிள்ளைகள் பேசும் இந்தச் சொற்களைக் கொண்டு அளவுகோலை அடியிலிருந்து கட்டுவதற்கு இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். அந்த உழைப்புக்குத் தனிப் பட்டம் கிடையாது. ஆனாலும் அதைச் செய்தவர்களின் ஆய்வுதான் பின்வருபவர்களுக்குப் பயன்படுகிறது.

கணக்கில் மொழியின் கை இன்னும் வலுவானது. தமிழ்ப் பிள்ளைக்கு முப்பத்தொன்பது என்ற சொல்லிலேயே முப்பதும் ஒன்பதும் கேட்கும். தொண்ணூறும் தொள்ளாயிரமும்தான் கொஞ்சம் சங்கடம் தருபவை. தொண்ணூற்றில் நூறு ஒலிக்கிறது. வங்காளியில் ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை ஏறத்தாழ ஒவ்வொரு பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டும். 35 என்பது பொய்த்ரிஷ். ஐந்து முதலில் ஒலிக்கிறது, முப்பது பிறகு. காதில் விழுந்த வரிசையில் எழுதினால் 53 ஆகிவிடும். 39 என்பதோ ஊனொசொல்லிஷ், அதாவது நாற்பதுக்கு ஒன்று குறைவு. சொல்லில் முப்பதும் இல்லை, ஒன்பதும் இல்லை. காதில் விழுவது சொல்லிஷ் என்ற நாற்பதுதான். ஊனொசொல்லிஷைக் கேட்டு 49 என்று எழுதும் பிள்ளை நாற்பதைச் சரியாகக் கேட்டிருக்கிறது. ஒன்பதில் முடியும் எண் என்பதும் அதற்கு நினைவிருக்கிறது. தெரியாமல் போனது, இந்த ஒன்பதுகள் மட்டும் அடுத்த பத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகின்றன என்ற பழைய சமஸ்கிருத வழக்கு. 29, 49, 59, 69 எல்லாமே இப்படித்தான். அந்த 49 எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டறிந்தவர் அந்தப் பிள்ளையை மந்தம் என்று இனி எழுத மாட்டார்.

பேசும் எண்ணைப் போலவே எழுதும் எண்ணும். வங்காளி மீடியம் பாடநூல்களில் எண்களும் வங்காள வடிவில் இருக்கும். அவற்றுள் நான்கு, பார்வைக்கு நமக்குப் பழக்கமான 8 போலவே இருக்கிறது. ஏழு, ஏறத்தாழ 9 போல. வங்காளி மீடியத்தில் இரண்டு வகுப்பு முடித்துவிட்டு இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறும் பிள்ளை பவானிபூரில் அபூர்வமல்ல. அந்தப் பிள்ளை 8ஐ நான்கு என்று வாசித்துக் கணக்கைச் சரியாகப் போட்டு, தவறான விடையோடு வீடு திரும்பும்.

இந்த எழுத்து வடிவம் ஆய்வாளரையும் விடுவதில்லை. மாணவர் மதிப்பெண்களைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து படியெடுக்கும்போது நேர்ந்த ஒரு தவறு சொல்லத் தக்கது. ஒரே பதிவேட்டில் சில ஆசிரியர்கள் ஆங்கில வடிவத்திலும் சிலர் வங்காள வடிவத்திலும் எண் எழுதியிருந்தனர். மாலை வெளிச்சத்தில் அவசரமாகப் படியெடுத்ததில், வங்காள வடிவில் இருந்த 47 எல்லாம் 89 ஆகிப்போயின. ஐந்து புள்ளி அளவுகோலில் இப்படி 8 வந்திருந்தால் கணினியே காட்டிக்கொடுத்திருக்கும். நூற்றுக்கு எடுத்த மதிப்பெண்ணில் 89 இயல்பான எண். எந்த மென்பொருளும் சந்தேகப்படாது. சுமாராகப் படிக்கும் பிள்ளைகள் பட்டியலின் உச்சியில் வந்து உட்கார்ந்தனர். கெழு தலைகீழாகிப் புதுமையான கண்டுபிடிப்புபோல் தோன்றியது. ஒரு பாடத்தின் பத்தியில் நான்கும் ஏழும் ஓரிடத்தில்கூட இல்லை என்பதைத் தற்செயலாகக் கவனித்த பிறகே காரணம் விளங்கிற்று. இரண்டு வார வேலை திரும்பச் செய்யப்பட்டது. அன்று முதல் எந்தப் பதிவேட்டையும் இரண்டு பேர் தனித்தனியே படியெடுத்து ஒத்துப்பார்ப்பது வழக்கமாயிற்று. பிள்ளையின் தவறுக்குக் காரணம் தேடப் போன இடத்தில் ஆய்வாளரும் அதே தவறைச் செய்தார், காரணமும் அதுவே.

பள்ளிக்குள் நுழைவது தனி வேலை. துறையின் கடிதம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், மாவட்டப் பள்ளி ஆய்வாளர் அலுவலகத்தின் அனுமதி, கடைசியாகத் தலைமையாசிரியரின் சம்மதம். பெண்கள் பள்ளியானால் தலைமையாசிரியை எல்லோருக்கும் பொர்தி, அதாவது பெரியக்கா. மற்ற ஆசிரியைகள் பெயரோடு தி சேர்த்து அழைக்கப்படுவார்கள். கையெழுத்துகள் எத்தனை இருந்தாலும் பொர்தி மனம் வைக்காமல் ஒரு பிள்ளையிடமும் பேச முடியாது. மனம் வைத்துவிட்டால் நூலக அறையே கிடைக்கும். பெற்றோர் ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பாதி திரும்பாது. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று தாய்மாரிடம் நேரில் விளக்குவதே பலன் தருவது. கையெழுத்துப் போடுமுன் அவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: இந்தப் பரீட்சை மார்க்கில் சேருமா?

நாட்காட்டி இன்னொரு தடை. மாநில வாரியப் பள்ளிகளுக்குக் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அடுத்து சரஸ்வதி பூஜை. அன்று புத்தகங்களெல்லாம் தேவியின் காலடியில். பிப்ரவரியில் பத்தாம் வகுப்புக்கான மாத்யமிக் தேர்வு, பல பள்ளிகள் தேர்வு மையங்கள். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் தொகுத்தறித் தேர்வுகள், நடுவே கோடை விடுமுறை. வெயில் கடுமையானால் அது நீளும். அக்டோபரை ஒட்டித் துர்கா பூஜை; காளி பூஜையும் உடன்பிறந்தோர் விழாவான பாய் ஃபோட்டாவும் முடிந்த பிறகே பள்ளி பழைய நிலைக்குத் திரும்பும், அப்போது ஆண்டுத் தேர்வு வாசலில் நிற்கும். ஆண்டு முழுவதிலும் பிள்ளைகளோடு நிதானமாக உட்காரக் கிடைப்பது ஜூன் இறுதியிலிருந்து ஜூலை முடிய உள்ள சில வாரங்களும் செப்டம்பரில் கொஞ்சமும்தான். அந்த மழைக்கால வாரங்களைத் தவறவிட்டவருக்கு ஓராண்டு போனது போனதே.

பிள்ளையோடு தனியே உட்காரும்போது பாடநூல் சொல்லாத ஒன்று புலப்படும். இதை எப்படிப் போட்டாய் என்று கேட்டவுடன் பிள்ளை ரப்பரை எடுத்து விடையை அழித்துவிடும். வகுப்பில் அந்தக் கேள்வி தவறாகப் போட்டவர்களிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. கேள்வி வந்தாலே தவறு என்று அது கற்றிருக்கிறது. எனவே சரியான விடைக்கும் அதே குரலில் அதே கேள்வியைக் கேட்க வேண்டும், முதல் நாளிலிருந்தே. இரண்டாவது நாள் முடிவில்தான் பிள்ளை அழிப்பதை நிறுத்தும். மதிய உணவுக்குச் சற்று முன் எந்தச் சோதனையும் வைக்கக் கூடாது. சமையல் வாசனை வந்த பிறகு எண்களுக்கு இடமில்லை. கடைசிப் பாடவேளையும் உதவாது, ஏனென்றால் பல பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டதும் டியூஷன். 2022ஆம் ஆண்டின் ஏசர் என்ற கல்வி நிலை அறிக்கையின்படி மேற்கு வங்கக் கிராமப்புறத்தில் எட்டாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் பணம் கட்டி டியூஷன் படித்தனர். நாட்டின் சராசரி 30 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. கொல்கத்தாவில் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைப் பள்ளியோடு மட்டும் இணைத்து எழுதப்படும் ஆய்வு, பிள்ளையின் நாளில் பாதியைப் பார்க்காமலே எழுதப்பட்டது.

பள்ளிக்கு வெளியே நடக்கும் கற்றலைப் பற்றி இந்த நகரத்திலேயே செய்த பெரிய ஆய்வு 2025இல் நேச்சர் இதழில் வந்தது. கொல்கத்தாவில் படித்து வளர்ந்த பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி, பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ, குழந்தைகளின் எண்ணறிவை ஆராயும் ஹார்வர்டின் எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர் சேர்ந்து செய்தது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வேலை பார்க்கும் 1,436 பிள்ளைகளை ஆராய்ந்தனர். ஆய்வுக்குழுவினர் வாடிக்கையாளராகப் போய், வழக்கத்தில் இல்லாத அளவுகளில் பொருள் கேட்டார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கு 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயம் 1.4 கிலோ, 200 ரூபாய் நோட்டுக்கு மீதி எவ்வளவு? 16உம் 21உம் சேர்ந்து 37, மீதி 163. தாளும் பென்சிலும் இல்லாமல் இத்தகைய கணக்கை ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் சரியாகப் போட்டார்கள். அதே அளவு அல்லது அதைவிட எளிய கணக்கைப் பள்ளி வடிவத்தில் தாளில் எழுதிக் கொடுத்தபோது அதே பிள்ளைகள் தடுமாறினார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும், சந்தை அனுபவம் இல்லாத 471 பிள்ளைகளிடம் நிலைமை தலைகீழ். எழுத்துக் கணக்கின் எளிய வகைகளை அவர்கள் மேலாகச் செய்தார்கள். ஆனால் சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் சரியாக விடை சொன்ன ஒரு சந்தைக் கணக்கை, பள்ளிப் பிள்ளைகளில் 1 விழுக்காட்டினரே சரியாகச் செய்தார்கள்.

இதன் முன்னோடி பிரேசிலில் உண்டு. ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளைப் பற்றி டெரெசின்யா கராஹேரும் சகாக்களும் 1985இல் எழுதினார்கள். தெருவில் 98 விழுக்காடு சரியாகச் சொன்ன பிள்ளைகள், வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரியாகச் செய்தனர். ஐந்து பிள்ளைகளைக் கூர்ந்து பார்த்ததில் கிடைத்த உண்மை, நாற்பது ஆண்டுக்குப் பின் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடமும் நின்றது. மாதிரியின் அளவை மட்டும் வைத்து ஓர் ஆய்வை ஒதுக்குவது எவ்வளவு தவறு என்பதற்கு இது போதும். பவானிபூரின் ஜதுபாபு பஜாரில் காய் வாங்கப் போகும் ஆய்வாளரும், கடைக்காரப் பையன் தொகை கூட்டும் விதத்தைக் கவனித்தபடி நிற்பார். அவன் கிலோவைக் காலாக, அரைக்காலாக உடைத்து விலையைச் சேர்க்கிறான். அந்த வழி எந்தப் பாடநூலிலும் இல்லை.

இத்தனை களப்பணியும் பல்கலைக்கழகப் பணியின் இடுக்குகளில் நடப்பது. விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. அதோடு வினாத்தாள் தயாரிப்பு, விடைத்தாள் திருத்தம், சேர்க்கைக் குழு, தரமதிப்பீட்டுக் கோப்புகள். உதவிப் பேராசிரியர் நான்கு முனைவர் பட்ட மாணவர்வரை, பேராசிரியர் எட்டுப் பேர்வரை வழிநடத்தலாம். கட்டடங்களும் ஓய்வதில்லை: பவானிபூரில் ஒரே வளாகத்தில் காலையில் பெண்களுக்கான ஜோகமாயா தேவி கல்லூரி, பகலில் ஆசுதோஷ் கல்லூரி, மாலையில் சியாமபிரசாத் கல்லூரி என்று மூன்று கல்லூரிகள் இயங்கிவந்திருக்கின்றன. முன்னாள் துணைவேந்தர், அவர் மனைவி, மகன் ஆகியோரின் பெயர்கள் ஒரே வளாகத்தில். காலி வகுப்பறை கிடைக்காத ஊரில் ஆய்வு மாணவரோடு பேச டீக்கடை பெஞ்சுதான் இடம்; மண் குவளை ஆறும்வரை நெறியாளருக்கு நேரம் உண்டு.

வெளியீட்டுக் கணக்கு 2010 முதல் இத்தொழிலின் போக்கையே மாற்றியது. பதவி உயர்வுக்குப் புள்ளிகள் வந்தன. புள்ளிக்காக இதழ்கள் முளைத்தன. நல்ல இதழ்களை அடையாளம் காட்ட மானியக் குழு கேர் பட்டியலைக் கொண்டுவந்தது. 2025இல் அதையும் கைவிட்டது. 2018இன் கருத்துத் திருட்டு விதிகள் 10 விழுக்காடுவரை ஒப்புமையைப் பொறுத்துக்கொள்கின்றன. 60ஐத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்தாகும். ஆய்வேடுகள் காந்திநகரில் பராமரிக்கப்படும் சோத்கங்கா களஞ்சியத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. இது பெரிய நன்மை. ஒரே தலைப்பு எத்தனை மாவட்டங்களில் திரும்பத் திரும்பச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை இன்று ஒரு மாலை நேரத்தில் தெரிந்துகொள்ளலாம். மென்பொருள் சொற்களின் ஒப்புமையை மட்டும் பார்க்கிறது. கேள்வியே இரவல் என்பதை வாய்மொழித் தேர்வில் உட்காரும் புறத்தேர்வாளர்தான் கேட்க வேண்டும். கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆய்வேட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்கும் தேர்வாளரின் முன்னால் அட்டவணைகள் உதவுவதில்லை. களத்தில் உட்கார்ந்தவர் மட்டுமே அந்த நிமிடத்தில் வாய் திறப்பார்.

ஆய்வு ஆங்கிலத்தில் அச்சாகிறது. பிள்ளையின் ஆசிரியை அதைப் படிக்கப் போவதில்லை. ஆகவே பட்டமும் கட்டுரையும் முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதைச் செய்யாமல் விடுபவர்கள் மிகுதி. கண்டதை ஒரே பக்கத்தில் வங்காளியில் எழுதி, பூஜை விடுமுறைக்கு முன் பொர்தியின் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தப் பிள்ளையின் பெயரும் அதில் இராது. எந்தெந்தத் தவறு எத்தனை பிள்ளைகளிடம் எந்தக் காரணத்தால் வந்தது, மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் என்ன எழுதிப் பார்க்கலாம் என்பது இருக்கும். மொழி ஆசிரியை ஒருவர் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுப்பார். எண்களை வங்காள வடிவத்தில் எழுத வேண்டும். நான்கையும் ஏழையும் இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும்.